தாத்தா வாட்ச்சுக்கு மேக்கப் போடாதீங்க!

போன மாசம் பட்டுக்கோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு கடிதம். எழுதினவர் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிற தம்பி. ஒரே மூச்சுல கொட்டியிருக்கார், பாருங்க:

"அண்ணா, தாத்தா தவறி நாற்பது நாள் ஆச்சு. அவரோட பழைய சீக்கோ வாட்ச் இப்போ எங்கிட்ட இருக்கு. பெரியப்பா அது தான் வாங்கிக் கொடுத்ததுங்கிறார், திருப்பிக் கேட்கிறார். அவர் பையன், 'உள்ளே பதினேழு ரூபி கல் இருக்கு, லட்சக்கணக்குல போகும்'ங்கிறான். பஜார்ல ஒரு கடைக்காரர், 'ஐந்நூறு ரூபாய் தர்றேன், வெச்சுட்டுப் போப்பா'ங்கிறார். சாவி கொடுத்தா ஓட மாட்டேங்குது. செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னும் இருபது நாள்தான் இருக்கு. வித்துடலாமா? பாலிஷ் போட்டு, டயலைப் புதுசாக்கி வித்தா கூட ரெண்டு காசு கிடைக்குமா?"

தம்பி, உங்க கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். அந்த பாலிஷ் வேலையை மட்டும் செஞ்சுடாதீங்க! மத்ததெல்லாம் பொறுமையா பேசலாம்.

இவ்வளவு அவசரமா சொல்றேனே, ஏன்? நான் செஞ்சுட்டேனே, அதான்.

2003. காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போய், முதல் சம்பளம் வாங்கின மாசம். அப்பாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னு ஆசை. சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தா, 'எதுக்குடா தண்டச் செலவு'ம்பார். அப்பதான் பீரோ டிராயர்ல கிடந்த தாத்தாவோட வாட்ச் ஞாபகத்துக்கு வந்துச்சு. எச்.எம்.டி. ஜனதா. தாத்தா ஒரு எலிமெண்டரி ஸ்கூல் ஹெட்மாஸ்டர். 1978-ல் அவர் ரிட்டயர் ஆனப்போ, கூட வேலை பார்த்த வாத்தியார்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிக் கொடுத்தது. பின்மூடியில் தாத்தா பேர், தேதி, கீழே 'அன்புடன் ஆசிரியர்கள்'னு தமிழ்லயே பொறிச்சிருந்தாங்க. டயல் நல்ல பழுப்பேறி, காபி சிந்தின வெள்ளைச் சட்டை மாதிரி இருந்துச்சு.

தூக்கிட்டுப் போய் ஒரு கடையில கொடுத்து, "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க பாஸ்"னு சொன்னேன். பாவம், நான் சொன்னதைத்தான் அவர் செஞ்சார். மூணு நாள் கழிச்சுப் போனா, வாட்ச் பளபளன்னு மின்னுது! டயலுக்குப் புது பெயின்ட் அடிச்சு, ராமர் நீலத்துல ஜொலிக்குது. பின்மூடி கண்ணாடி மாதிரி, முகம் பார்த்து மீசை திருத்தலாம்.

அப்பா கையில கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முன்னாடி பார்த்தார். திருப்பினார். கட்டை விரலால பின்மூடியைத் தடவித் தடவிப் பார்த்தார். "எழுத்து எங்கடா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். திட்டவே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பாலிஷ் மெஷின்ல வெச்சுத் தேய்ச்சதுல, தாத்தா பேரும் ஆசிரியர்களோட அன்பும் தூளாப் போயிடுச்சு. கேஸுக்கு மேல இருந்த குரோமியப் பூச்சும் ஓரங்கள்ல தேய்ஞ்சு, ஒரே வருஷத்துல உள்ளே இருக்கிற பித்தளை மஞ்சளா எட்டிப் பார்த்துச்சு. இதுல பெரிய காமெடி என்னன்னா, புது டயல்ல '21 ஜூவல்ஸ்'னு அச்சடிச்சிருந்தாங்க. உள்ளே ஓடுற மெஷின் 17 ஜூவல்ஸ்! இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலஞ்சு வருஷம் ஆச்சு.

சரி, தம்பி மேட்டருக்கு வருவோம்.

கடிதத்தைப் படிச்சதும் நாலு போட்டோ கேட்டேன். வாட்ச்சோட முகம், பின்பக்கம், பக்கவாட்டு, அப்புறம் டயல்ல ஆறு மணிக்குக் கீழே ரொம்ப கிட்டத்துல ஒண்ணு. ராத்திரியே வந்துடுச்சு. (ஃபீஸ் கட்டணும்னா நம்ம பசங்களுக்கு வர்ற வேகமே தனி!) கருநீல டயல். ஏழு மணிக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு கறை. கண்ணாடியில ரெண்டு மணிக்கு நேரா ஆழமா ஒரு கீறல். ஸ்டீல் செயின். மூணு மணி இடத்துல கிழமையும் தேதியும். சாவி மட்டும் மூணு மணியில இல்லாம, கொஞ்சம் இறங்கி நாலு மணிக்கிட்ட, கேஸுக்குள்ள ஒடுங்கி உட்கார்ந்திருக்கு.

சாவி நாலு மணியில இருந்தா, அநேகமா அது சீக்கோ ஃபைவ். ஜப்பான்காரங்க 1963-ல் ஆரம்பிச்ச வரிசை. தானா ஓடணும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னல்ல தெரியணும், தண்ணி பட்டாலும் தாங்கணும், சாவி நாலு மணியில இருக்கணும், கேஸும் செயினும் உறுதியா இருக்கணும். இந்த அஞ்சு விஷயத்துக்காகத்தான் அந்த 'ஃபைவ்'.

'சாவி கொடுத்தா ஓடலை'ங்கிற புகாருக்கும் இங்கேயே விடை இருக்கு. பின்மூடியில 7009-னு போட்டிருக்கு பாருங்க, அதுதான் உள்ளே இருக்கிற மெஷினோட நம்பர். 7009-க்கு சாவி கொடுக்கிற வசதியே கிடையாது! கை ஆட ஆட, உள்ளே ஒரு அரை வட்டத் தகடு சுத்தும். அதுதான் ஸ்பிரிங்கை முறுக்கும். நீங்க அரை மணி நேரம் சாவியைத் திருகினாலும் வாட்ச் உங்களைப் பார்த்துச் சிரிக்கும், அவ்வளவுதான்.

"அப்ப குலுக்கலாமா?" மெதுவா நாலு தடவை பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ஓடினா சந்தோஷம். ரெண்டு நிமிஷம் ஓடி நின்னுட்டா அதோட விட்டுடுங்க. உள்ளே போட்ட எண்ணெய் பல வருஷமா காய்ஞ்சு கெட்டியாகியிருக்கும். எண்ணெய் இல்லாத மெஷினை ஓட்டினா பல்லும் அச்சும் தேயும். கேமராவுல பதிய வேண்டியதைப் பதிஞ்சுக்கிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால துடைச்சு, டப்பாவுல போட்டு வைங்க. முக்கியமா, வெங்காயம் நறுக்குற கத்தியை வெச்சு பின்மூடியை நெம்பாதீங்க. பழைய ஜனதாவோட பின்மூடி அப்படி நெம்பினா திறந்துடும்கிறதுதான் பிரச்னையே. எத்தனை வாட்ச்சுகளோட முதுகுல அந்தக் கத்தித் தழும்பைப் பார்த்திருக்கேன் தெரியுமா?

சீக்கோவுல பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். வயசைக் கண்டுபிடிக்கிற ரகசியம் வெளியிலேயே இருக்கு. ஆறு இலக்கத்துல ஒரு சீரியல் நம்பர் பொறிச்சிருப்பாங்க. முதல் எண் வருஷத்தோட கடைசி இலக்கம். ரெண்டாவது எண் மாசம். ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் அப்படியே எண்கள். அக்டோபருக்கு சைபர், நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. தம்பி வாட்ச்சோட நம்பர் 92-ல ஆரம்பிக்குது. அப்படின்னா, ஒன்பதில் முடியுற ஏதோ ஒரு வருஷத்தோட பிப்ரவரி மாசம் பிறந்த வாட்ச்.

எந்த ஒன்பது? 1979-ஆ, 1989-ஆ? வில்லங்கம் இங்கேதான். 7009 மெஷின் அந்த ரெண்டு காலத்துலயும் தயாரானது. நம்பர் இதுக்கு மேல வாயைத் திறக்காது.

தம்பியோட அடுத்த கடிதத்தைப் படிச்சப்பதான் இது வெறும் நம்பர் கணக்கு இல்லைன்னு புரிஞ்சுது. பெரியப்பா 1989-ல் சிங்கப்பூர் போனவர். முதல் லீவுல வந்தப்போ அப்பாவுக்கு வாங்கிட்டு வந்த வாட்ச் இதுதான்கிறார். பாட்டியோ, தாத்தா துபாய்ல கொத்தனார் வேலை பார்த்தப்போ சொந்தக் காசுல வாங்கினதுங்கிறாங்க. தாத்தா 1977-ல் போய் 1983-ல் திரும்பி வந்தவர். பாருங்க கூத்தை! 1979-னா பாட்டி சொல்றது சரி. 1989-னா பெரியப்பா சொல்றது சரி. வீட்ல ரெண்டு கட்சி ஆயாச்சு. வாட்ச்சைவிட, யார் பொய் சொல்றாங்கன்னுதான் இப்போ சண்டை.

"தம்பி, சாவியை ஒரு கிளிக் மட்டும் வெளியே இழுத்து, கிழமை மாறுற பக்கமா மெதுவா திருப்புங்க. என்னென்ன வருதுன்னு எழுதுங்க"ன்னு கேட்டேன். (ராத்திரி ஒன்பதுலேர்ந்து விடிகாலை மூணு வரைக்கும் முள் நிற்கும்போது இதைச் செய்யாதீங்க. தேதி மாத்துற பல் அந்த நேரத்துல மாட்டிக்கிட்டு இருக்கும், உடைஞ்சுடலாம். முள்ளை ஆறு மணிக்கு நகர்த்திட்டு ஆரம்பிங்க.)

பதில் வந்துச்சு: "இங்கிலீஷ்ல ஒரு தடவை வருது. அடுத்து அதே கிழமை வேற ஏதோ எழுத்துல வருது அண்ணா. உருது மாதிரி இருக்கு."

உருது இல்லை, அரபி. சீக்கோ கிழமைச் சக்கரத்துல ரெண்டு மொழி அச்சடிப்பாங்க. ஒண்ணு இங்கிலீஷ். இன்னொண்ணு வாட்ச் எந்தச் சந்தைக்குப் போகுதோ அந்த ஊர் மொழி. வளைகுடாவுக்குப் போனா அரபி, தென் அமெரிக்கப் பக்கம் போனா ஸ்பானிஷ், சீனர்கள் இருக்கிற ஊர்களுக்குச் சீன எழுத்து. தம்பியோட வாட்ச் துபாய்க் கடை ஷோகேஸுக்குன்னு செஞ்சு அனுப்பின ஜாதி. பாட்டிக்கு ஒரு மார்க்!

ஆனா, ஒரு மார்க்தான். சிங்கப்பூர்ல அரபி கிழமை வாட்ச் கிடைச்சிருக்கவே கிடைச்சிருக்காதுன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ண முடியாது. சர்வீஸ் பண்ணினப்போ யாராவது சக்கரத்தையே மாத்தியும் இருக்கலாம். இந்தத் தொழில்ல ஒரே ஒரு சாட்சியை வெச்சுத் தீர்ப்பு சொல்றவங்க நிறைய பேர். அவங்ககிட்டேர்ந்து தள்ளியே நில்லுங்க.

அதனால அடுத்த டெஸ்ட், இந்த வாட்ச்சோட உறுப்புகள் எல்லாம் ஒரே வாட்ச்சுல பிறந்ததுதானா? பழைய வாட்ச் உலகத்துல 'ஃபிராங்கன் வாட்ச்'னு ஒரு வார்த்தை உண்டு. செத்த மனுஷங்களோட கை, காலை ஒட்டி ஒரு பூதத்தைச் செய்வாரே கதையில ஃபிராங்கன்ஸ்டீன், அவர் பேர்லேர்ந்து வந்தது. ஒரு வாட்ச்சோட கேஸ், இன்னொண்ணோட மெஷின், மூணாவதோட முள், இதுக்கெல்லாம் மேல புதுசா பெயின்ட் அடிச்ச டயல். நம்ம நாட்டுலேர்ந்து இப்படி ஒட்டுப்போட்ட வாட்ச்சுகள் உலகம் பூரா போய், வெளிநாட்டு கலெக்டர்கள் அதுக்கு 'மும்பை ஸ்பெஷல்'னே பேர் வெச்சுட்டாங்க. பெருமையா வெட்கமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எச்.எம்.டி.யோட கதை இதுல ரொம்பவே பரிதாபம். ஜப்பானோட சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோட 1961-ல் பெங்களூரில் ஆரம்பிச்ச தொழிற்சாலை. முதல் வாட்ச்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர், ஜவான்னு வந்து, கல்யாண மாப்பிள்ளைக்கு ஆட்டோமேட்டிக் காஞ்சன் வரைக்கும் ஒரு தலைமுறையே கட்டின கடிகாரம். அப்புறம் பேட்டரி வாட்ச் வந்துச்சு. டாடாவும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கின டைட்டன், ஓசூர்லேர்ந்து ஒரு கலக்கு கலக்கினதுல சாவி கொடுக்கிற வாட்ச்செல்லாம் டிராயருக்குள்ள போயிடுச்சு. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு பண்ணுச்சு. மூடுறாங்கன்னு தெரிஞ்சதும்தான் நமக்குப் பாசம் பொங்குச்சு! மவுசு வந்தா ஒட்டு வேலையும் கூடவே வந்துடும் இல்லையா? ஆரஞ்சு, பச்சை, பிங்க்னு ஹோலிப் பண்டிகை மாதிரி டயலோட ஜனதா எங்கே பார்த்தாலும் சந்தேகப்படுங்க. அசல் ஜனதா ரொம்ப அடக்கமான ஆசாமி.

பெயின்ட் அடிச்ச டயலைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. மொபைல் கேமராவை நல்லா ஜூம் பண்ணுங்க. தொழிற்சாலை அச்சுல எழுத்தோட ஓரம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கும். கடையில அடிச்சது லேசா கசிஞ்சு, ரேஷன் கார்டு சீல் மாதிரி தெரியும். நிமிஷக் கோடுகள் சில இடத்துல நெருக்கமாவும் சில இடத்துல தள்ளியும் இருக்கும். தேதி ஜன்னலோட விளிம்புல பெயின்ட் வழிஞ்சிருக்கும். எல்லாத்தையும்விட சுலபமான அடையாளம், கேஸ் பூரா நாற்பது வருஷக் கீறல் இருக்கும்போது டயல் மட்டும் நேத்து பிறந்த மாதிரி இருந்தா, எழுபது வயசுத் தாத்தாவுக்கு இருபது வயசு முகம்! நம்பாதீங்க.

சீக்கோவுல இன்னொரு வசதி உண்டு. ஆறு மணிக்குக் கீழே, டயலோட விளிம்புல எறும்பு சைஸ்ல ஒரு நம்பர் இருக்கும். தம்பியை நாலாவது போட்டோ கேட்டது அதுக்குத்தான். அதோட முதல் நாலு இலக்கம் பின்மூடியில இருக்கிற மெஷின் நம்பரோட ஒத்துப்போகணும். பெயின்ட் அடிச்ச டயல்ல அந்த எறும்பு எழுத்து காணாமலே போயிருக்கும், இல்லேன்னா கிறுக்கலா இருக்கும். தம்பி டயல்ல தெளிவா 7009. எழுத்து சுத்தம். அந்த மஞ்சள் கறைகூட நல்ல சாட்சிதான். போலி டயல் போடுறவன் கறையோடவா போடுவான்?

இப்போ அந்தப் பதினேழு ரூபி. பெரியப்பா பையன் சொன்னது பாதி நிஜம். 'ஜூவல்ஸ்'ங்கிறது மாணிக்கக் கல்தான், ஆனா சின்தடிக். செயற்கை மாணிக்கம் தயாரிக்கிற முறையை வெர்னுய்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1902-லேயே உலகத்துக்குச் சொல்லிட்டார். சக்கரங்களோட அச்சு உராய்ஞ்சு தேயாம சுழல்றதுக்காக, கடுகைவிடச் சின்னதா வைக்கிற கல். மோதிரத்துக்கும் ஆகாது, மூக்குத்திக்கும் ஆகாது. ஜூவல்ஸ் எண்ணிக்கையை வெச்சு விலை பேசுறவங்க, காருக்குள்ள எத்தனை பால் பேரிங் இருக்குன்னு எண்ணி விலை சொல்றவங்க மாதிரி.

தங்கத்துலயும் இதே ஏமாற்றம் உண்டு. மஞ்சளா மின்னுற பழைய சுவிஸ் வாட்ச் எல்லாம் தங்கம் இல்லை. பின்மூடியிலயோ, ஸ்ட்ராப் மாட்டுற கொம்புக்குப் பின்னாடியோ 'மைக்ரான்'னு ஒரு வார்த்தை இருந்தா, அது முலாம். 18 காரட் தங்கம்னா 750-னு முத்திரை இருக்கணும். அப்படியே முத்திரை இருந்தாலும் நேரா நகைக்கடைக்குப் போய் எடை போட்டு உருக்கிடாதீங்க, ப்ளீஸ். உருக்கினா தங்கத்தோட விலை மட்டும்தான் கிடைக்கும். வாட்ச்சோட விலை புகையாப் போயிடும்.

உங்க வீட்ல இருக்கிறது ஃபேவர் லூபாவோ, வெஸ்ட் எண்டோ, ஒமேகாவோவா இருந்தா இன்னும் ஒரு எச்சரிக்கை. 1960-களுக்கு முன்னால முள்ளுலயும் எண்கள்லயும் இருட்டுல மின்னுறதுக்கு ரேடியம் கலந்த பூச்சைப் பூசுவாங்க. அது மின்னுறதை எப்பவோ நிறுத்தியிருக்கும், ஆனா ரேடியத்தோட கதிர்வீச்சு பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். அதனால நகத்தால சுரண்டாதீங்க, ஊதாதீங்க. ஐம்பதுகள் வாட்ச்சுன்னு ஒருத்தர் விக்க வந்து, அது இருட்டுல பளிச்னு பச்சையா மின்னினா, பூச்சு புதுசுன்னு அர்த்தம். டயல்ல சென்னை மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ் மாதிரி பழைய கடையோட பேர் கூடுதலா இருந்தா பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துல பெரிய கடைகள் தங்கள் பேரையும் டயல்ல அச்சடிச்சு வாங்கி வித்தாங்க. அசலா இருந்தா, அது வாட்ச்சுக்கு ஒரு ஊரையும் சேர்த்துக் கொடுக்கிற பேர்.

சரி, தம்பி வாட்ச் என்ன விலை போகும்?

பழைய வாட்ச்சுக்கு விலை பார்க்கிறவங்க எல்லாரும் செய்யற தப்பு ஒண்ணு. யாரோ ஒருத்தர் 'ஐம்பதாயிரம்'னு விளம்பரம் போட்டிருப்பார். உடனே நம்மளோடதும் ஐம்பதாயிரம்னு மனசுல கோட்டை கட்டிடுவோம். அது அவர் கேட்கிற விலை. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருப்பார். நீங்க தேட வேண்டியது, அதே மெஷின் நம்பர், அதே மாதிரி டயல் உள்ள வாட்ச்சை நிஜமாவே யாராவது காசு கொடுத்து வாங்கின விலை. ஏல சைட்டுகள்ல வித்து முடிஞ்சதை மட்டும் தனியா பிரிச்சுக் காட்டுவாங்க, அதைப் பாருங்க. பத்துப் பதினஞ்சு பார்த்தா ஒரு சராசரி புரியும். கடைக்காரர் அதுல பாதிதான் தருவார். அவரைத் திட்டாதீங்க. சர்வீஸ் செலவு, கடை வாடகை, விக்கிற வரைக்கும் காத்திருக்கிறது எல்லாம் அவர் தலையில. ஆனா ஐந்நூறுங்கிறது அநியாயம்தான்.

என் கணக்கு இது: அசல் டயல், ஒத்துப்போற நம்பர், பழைய செயின், ஓடாத மெஷின். ஓட வெச்சா மூவாயிரம், ரொம்ப ஆசைப்படுறவர் கிடைச்சா ஐயாயிரம். அதுக்கு மேல கனவு வேண்டாம். சீக்கோ ஃபைவ் லட்சக்கணக்குல செஞ்ச வாட்ச். நல்ல வாட்ச், ஆனா அபூர்வம் இல்லை. தம்பி, உங்க செமஸ்டர் ஃபீஸ்ல ஒரு மூலைக்குக்கூட இது காணாது. காலேஜ் ஆபீஸ்ல தவணை கேளுங்க, பேங்க்ல கல்விக்கடன் கேளுங்க. இதை நேராச் சொல்லாம உங்களுக்கு ஆசை காட்டினா அது பாவம்.

அப்படின்னா எந்த வாட்ச்தான் லட்சம், கோடிக்குப் போகுது? 2017 அக்டோபர்ல நியூயார்க்ல ஒரு ரோலெக்ஸ் டேடோனா ஏலத்துக்கு வந்துச்சு. ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டினது. கார் ரேஸ் பைத்தியமான அவருக்கு, மனைவி ஜோன் வுட்வர்ட் பரிசா கொடுத்தது. 1984-ல் மகளோட நண்பர் ஒருத்தர், நியூமன் வீட்டு மரத்து மேல இருந்த குடிலை ரிப்பேர் பண்ணிட்டு இருந்தப்போ, "மணி என்ன?"ன்னு கேட்டிருக்கார் நியூமன். "எங்கிட்ட வாட்ச் இல்லையே"ன்னு அந்தப் பையன் சொல்ல, கழற்றிக் கையில கொடுத்துட்டார். அதே வாட்ச் 33 வருஷம் கழிச்சு 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போச்சு! அதே மாடல் ரோலெக்ஸ் வேறயும் இருக்கு, அதுக்கெல்லாம் இந்த விலை கிடையாது. இதோட பின்மூடியில அந்த அம்மா பொறிச்சுக் கொடுத்த வார்த்தைகள் இருந்துச்சு. 'வண்டியைக் கவனமா ஓட்டுங்க - நான்'கிற அர்த்தத்துல மூணே மூணு வார்த்தை.

அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எங்க தாத்தாவோட ஜனதா கோடிக்குப் போயிருக்காது, ஆயிரம் ரெண்டாயிரத்துக்கே மல்லுக்கட்டணும். ஆனா அவங்க பின்மூடியை யாரும் பாலிஷ் போடலை பாருங்க.

தம்பிக்கு எழுதினேன்: "நம்பர் சொல்றதைக் கேட்டாச்சு. இப்போ வீட்டைக் கேளுங்க. பில், டப்பா, பாஸ்போர்ட், தாத்தா கையில வாட்ச்சோட இருக்கிற பழைய போட்டோ, எது இருந்தாலும் எடுங்க." இதை வேலையத்த வேலைன்னு நினைச்சுடாதீங்க. வாங்கறவருக்கு ஒரு பழைய போட்டோ கொடுக்கிற நம்பிக்கையை, நீங்க நூறு தடவை 'சத்தியமா அசல் சார்'னு சொன்னாலும் கொடுக்க முடியாது.

பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்தாங்களாம். அடியில ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ போட்டோ. லீவுல வந்த தாத்தா நாற்காலியில, பாட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு, நடுவுல அரை டிராயர் போட்ட பெரியப்பா. பின்னாடி ஸ்டூடியோ சீல், பேனாவுல 1982-னு வருஷம். தாத்தா முழுக்கைச் சட்டையை வேணும்னே மடிச்சுவிட்டு, வாட்ச் தெரியுற மாதிரி கையை முழங்கால் மேல வெச்சிருக்கார். தம்பி அந்தக் கையை மட்டும் பெருசாக்கி எனக்கு அனுப்பினார். டயல்ல எழுத்து தெரியலை. ஆனா சாவி நாலு மணியில ஒடுங்கியிருக்கு. அதே கேஸ், அதே செயின். 1982-ல் கையில இருந்த வாட்ச் 1989-ல் பிறந்திருக்க முடியாதே! அப்படின்னா 1979 பிப்ரவரி.

பெரியப்பா ரொம்ப நேரம் அந்த போட்டோவைப் பார்த்துட்டு, "அப்ப நான் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கியாந்தது எதும்மா?"ன்னு கேட்டாராம். பாட்டி சொல்லியிருக்காங்க: "நீ கொண்டாந்தது கோடாலித் தைலம்டா. டஜன் பாட்டில். பதினஞ்சு வருஷம் தேய்ச்சேன்." வீடே சிரிச்சிருக்கு. பெரியப்பாதான் முதல்ல சிரிச்சாராம். அவர் பொய் சொல்லலை. முப்பது வருஷத்துக்கு மேல நிஜமாவே அப்படித்தான் நம்பிட்டு இருந்திருக்கார், பாவம்.

ஃபீஸ்ல பாதியைப் பெரியப்பா கட்டிட்டார். மீதிக்குக் காலேஜ்ல தவணை. வாட்ச்சை விக்கப் போறதில்லையாம். இப்போ சர்வீஸுக்குக் கொடுக்கப் போறார். கொடுக்கும்போது ஒரு வெள்ளைப் பேப்பர்ல இதையெல்லாம் எழுதி, கடைக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கேன்: மெஷினைக் கழற்றிச் சுத்தம் செஞ்சு எண்ணெய் போட்டா போதும். டயலையும் முள்ளையும் தொடக்கூடாது. கேஸுக்குப் பாலிஷ் கூடாது. எந்த பார்ட்டை மாத்தினாலும் பழையதைத் திருப்பித் தரணும். நீங்களும் இதை அப்படியே காப்பி அடிச்சுக்கலாம், ராயல்டி வேண்டாம்.

நேத்து தம்பிகிட்டேர்ந்து ஒரு வரி வந்திருக்கு. "கண்ணாடியில அந்த ரெண்டு மணிக் கீறல் மட்டும் அசிங்கமா இருக்கு, அதை மட்டும் மாத்திக்கலாமா அண்ணா? ஊருக்குத் திரும்பி வந்த வருஷம் எங்க அப்பாவைத் தூக்கிக்கிட்டு தாத்தா பஸ் ஏறினப்போ கம்பியில இடிச்சதுன்னு பாட்டி சொல்றாங்க."

கண்ணாடி மாத்தினா வாட்ச்சோட மதிப்பு ஒண்ணும் குறையாது. சர்வீஸ்ல சாதாரணமா மாத்துறதுதான். இருந்தாலும், பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்கன்னு பதில் போட்டிருக்கேன்.